வெள்ளி இல்லாத வெள்ளிப் பாத்திரங்கள்

பழைய வெள்ளிப் பாத்திரங்களின் டிசைன் படங்களை விற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் பாத்திரம் எங்கே என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். என் கணவரின் பெரியப்பா ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் படம் வரைந்து கொடுத்தவர். அவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு கட்டுப் படங்கள் எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தன. "தீபாவளிக்குள்ள ஒண்ணாவது வித்துக் காட்டு. இல்லேன்னா மொத்தமும் பழைய பேப்பர்காரனுக்கு" என்றார் கணவர். வீட்டிலிருந்தே தொழில் தொடங்கிய தோழிகளே, இந்தக் குரல் உங்களுக்கும் பழக்கம்தானே?

கவுன்ட்டரில் பிரசங்கம்

தி.நகரில் ஒரு வெள்ளிக் கடை. படங்களை விரித்து, கொடி ஓடும் பன்னீர்ச் செம்பு, மயில் மூக்குக் கெண்டி என்று பத்து நிமிடம் கான்வென்ட் ஆங்கிலத்தில் விளாசினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம், எக்ஸ்சேஞ்சுக்குப் பொருளை எப்ப எடுத்துட்டு வருவீங்க?"

அரைச் செம்பு

பல படங்களில் பாத்திரம் பாதிதான் இருந்தது. நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் செம்பு, இடப்பக்கம் வெறும் காகிதம். பெரியப்பாவுக்குச் சோம்பல் என்று முடிவு கட்டினேன். பள்ளியில் ஓவியப் பரிசு வாங்கிய கை சும்மா இருக்குமா? இருப்பதிலேயே அழகான பன்னீர்ச் செம்புக்கு மறுபாதியை நானே மையால் வரைந்து முடித்தேன்.

பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் வாங்க வந்தார். பார்த்தார். பூதக்கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேம்மா, பட்டறைக்குப் பாதி வரைஞ்சா போதும். இப்பப் பாருங்க, உங்க செம்பு ஒரு பக்கம் மட்டும் மாசமா இருக்கு!"

பூ ஜாடி

அகன்ற வாய், ஒடுங்கிய இடுப்பு, விளிம்பெல்லாம் தாமரை. 'பூ ஜாடி' என்று எழுதி ஃப்ரேம் போட்டேன். அடையாறு பெண்மணி ஒருவர் டைனிங் டேபிளுக்கு மேலே மாட்ட வாங்கிப் போனார். முதல் விற்பனை! அன்று வீட்டில் பாயசம். மூன்றாம் நாள் ஃபோன்.

"ஏங்க, வெத்தலை எச்சில் துப்பற படிக்கத்தைப் பூ ஜாடின்னு குடுத்துட்டீங்களே! எங்க மாமனார் மூணு நாளா ரூம்லயே சாப்பிடறார். வந்து எடுத்துட்டுப் போங்க!"

பல் டாக்டர்

தீபாவளிக்கு நாலே நாள். பழைய பேப்பர்காரரின் நம்பர் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டுவிட்டது. எனக்கோ பல்வலி. அடையாறில் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியே ராயப்பேட்டை பல் டாக்டரிடம் போனேன். பல்லைப் பிடுங்கிப் பஞ்சை அடைத்துவிட்டு, "அது என்ன படம்மா?" என்றார். மயிலும் கொடியும் சொல்ல வாய் எங்கே இருக்கிறது? "துப்பற பாத்திரம்" என்று மட்டும் முனகினேன். படத்தைக் கையில் வாங்கினவர் திருப்பித் தரவே இல்லை; விலையைக் கேட்டுப் பணத்தைத்தான் எடுத்து நீட்டினார்.

"வாஷ்பேசின் மேல மாட்டிடறேன். என்கிட்ட வர்றவங்க எல்லாரும் அதைத்தானே பண்றாங்க!"

படக்கட்டு தப்பிவிட்டது, ஆனால் என் வாயை அடைத்த பிறகுதான் வியாபாரம் நடந்தது என்பதைக் கணவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.