மெயினை அணைக்க மறந்தவன்

என் தம்பிக்கு வீட்டில் ‘மெயின்’ என்று பட்டப்பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பவன். மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால்தான் ஸ்பேனரையே கையில் எடுப்பான். என் வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட “மெயினை அணைச்சாச்சா?” என்று கேட்டு உயிரை வாங்குவான். அப்பேர்ப்பட்டவன் கோர்ட் விஷயத்தில் கோட்டை விட்டான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவனுடைய விவாகரத்தின்போது மகள் அம்மாவோடு இருப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவோடு என்று ஏற்பாடு. இரண்டு பேர் சம்பளத்தையும் பிள்ளையின் செலவையும் பார்த்து, தம்பி மாதாமாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். அந்த வருஷம் இவன் மாடாக உழைத்து வாங்கிய ஓவர்டைமும் சம்பளக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஓவர்டைமே இல்லை. தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போடுடா என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். பிள்ளைக்குத்தானே போகிறது என்று கடன் வாங்கிக் கட்டினான்.

போன வருஷம் மகள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா மறுமணம் செய்துகொண்டிருந்தாள். புது மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிடும்போது இவள் வாயைத் திறந்தாலே அவர் முகம் சுளிப்பாராம். அம்மாக்காரி போனில், “அவ உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே பணம் அனுப்ப வேணாம்” என்றாள். இவனும் நிறுத்திவிட்டான். உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அந்த மனிதருக்கு வேலை போயிற்று. வீட்டில் பணமுடை. போனில் சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துபோய், நின்றுபோன மாதங்களுக்கெல்லாம் பாக்கி கேட்டு வழக்குப் போட்டாள். பிள்ளை இவன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய மாதங்களுக்கு! உத்தரவை நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசி மாற்றிக்கொள்ள முடியாது, மாற்றக் கேட்டு மனு கொடுத்த நாளிலிருந்துதான் மாறும், அதற்கு முந்தியது பாக்கிதான் என்று எங்கள் வக்கீலே கையை விரித்துவிட்டார்.

கோர்ட் வராந்தாவில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“மெயினை அணைக்காம ஒயர்ல கை வைப்பியாடா நீ?”

அவன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். “மனு போட்டா காரணம் எழுதணும்க்கா. அம்மா வீட்ல இருக்க முடியலன்னு பாப்பா சொன்னதா எழுதணும். அம்மாவப் பத்தி அப்படி எழுதாதீங்கப்பான்னு அழுதா. நான் எப்படி எழுதுவேன்?”

அதற்குமேல் அவனை எப்படித் திட்டுவது? திட்ட ஆளில்லாத கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. சட்டத்தைத் திட்டலாம் என்றால் அதற்குக் காது கிடையாது.

இனிமேல் தம்பி பணம் தர வேண்டாம், பழைய பாக்கியைத் தவணையாகச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று தீர்ப்பானது. பிடித்ததுபோக மிஞ்சும் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடுகிறது. அதனால் ஊருக்கு வெளியே கட்டும் ஒரு கட்டடத்தில் தினம் ராத்திரியும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் வேலைக்குப் போகிறான்; திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் தனியாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் அப்பாவுக்கு ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. வீடு பிடித்திருக்கிறதா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“புடிச்சிருக்கு அத்தை” என்றாள். எழுதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அம்மா வீட்ல இருந்தப்ப ஞாயித்துக்கிழமையாவது அப்பாவப் பாப்பேன்.”