மெஷினுக்கு வீடு தெரியவில்லை

மேலே போ என்றால் கீழே போகிறது. ஒரு மெஷின் ஒரு மனுஷியை இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்த முடியும்?

லுக்குட் டவுனில், டயர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே வாடகைக்குப் பிடித்த கடையில், குமுதவல்லி இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். எதிரே இரும்பைச் செதுக்கும் அந்தப் பழைய மில்லிங் மெஷின். அதன் கனத்த இரும்புத் தலை, மேலே ஏறி நிற்க வேண்டியது, மெல்ல மெல்ல இறங்கி மேசையை முட்டப் பார்த்தது. அவள் சிவப்புப் பட்டனைக் குத்தினாள். திரையில் அலாரம் வந்தது. காலையிலிருந்து அந்த அலாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

குமுதவல்லி ஒன்றும் தொழில் தெரியாதவள் இல்லை. எஸ்டேட்டில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு செனவாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியவள். முதலில் பெட்டியில் பொருள் அடுக்கினாள், அப்புறம் மெஷினில் இரும்பு மாட்டினாள், அப்புறம் மெஷினுக்கே வேலை சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தொழிற்சாலை ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனதும், இனிமேல் அடுத்தவன் மெஷினைத் தொடுவதில்லை என்று வீம்பு வந்துவிட்டது அவளுக்கு. ரஹாங்கில் மூடிக்கிடந்த பட்டறை ஒன்றிலிருந்து இந்த மெஷினை லோரியில் ஏற்றி வந்தாள். உடம்பு கல் போல இருந்தது, மூளைதான் செத்துப்போயிருந்தது. அதற்குப் புது கண்ட்ரோலர் ஒன்று வாங்கித் தானே பூட்டினாள்.

அங்கேதான் வந்தது வினை. தொழிற்சாலையில் கண்ட்ரோலர் எல்லாம் யாரோ என்ஜினியர் வந்து அமைத்துக் கொடுத்தது. இவள் ஓட்டினாள், அவ்வளவுதான். புது கண்ட்ரோலரோ பிறந்த குழந்தை. எந்த மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும், எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம், எங்கே நிற்க வேண்டும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். கூட வந்த மேனுவலைச் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியவன் பாதித் தூக்கத்தில் மாற்றியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் முன்பு தெரிந்ததும் மறந்து போகும்.

இதையெல்லாம் இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பதுதான் கொடுமை. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள் பழைய சிநேகிதி புனிதா. “சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும்தான் குமுதா. அதுக்கு மேல பாஸ் கேக்க மாட்டாரு லா,” என்று சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை. மெஷின் ஓடினால் வேண்டாம் என்று சொல்லலாம், பக்கத்து எண்ணெய் ஆலை உதிரிபாகம் செய்யும் வேலை தருவதாக வாய்வார்த்தை கொடுத்திருக்கிறது. ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடி இருட்டில் எழுந்து பஸ் பிடித்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று, அடுத்தவன் மெஷின். நினைக்கும்போதே முட்டி வலித்தது.

மெஷினைத் திறந்ததும் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. மூன்று பக்கமும் மெதுவாக நகர்ந்து, அந்தந்தக் கோடியில் இருக்கும் சின்ன சென்சரைக் கண்டுகொண்டால்தான் இதுதான் என் வீடு என்று புரியும். அங்கிருந்துதான் மற்ற கணக்கெல்லாம். இடம் வலம் காலையிலேயே வீடு போய்ச் சேர்ந்தது. முன்னும் பின்னும் கொஞ்சம் அடம் பிடித்துவிட்டுச் சேர்ந்தது. மேலும் கீழும்தான் உயிரை வாங்கியது. திசை சொல்லும் பாராமீட்டரைத் திருப்பிப் போட்டால் மேலே போனது, ஆனால் நிற்கத் தெரியவில்லை. உச்சியில் போய் ‘கடக்’ என்று முட்டியது. குமுதவல்லி பாய்ந்து சிவப்புப் பட்டனைக் குத்தினாள்.

கண்ட்ரோலர் விற்ற சப்ளையருக்கு போன் போட்டாள். எடுத்த பையன் முதலில் கேட்டது, “காக், சுவாமி ஆடா?” அக்கா, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று மலாயில் கேட்கிறான். குமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, மெஷின் என்னுடையது, என்னிடமே சொல் என்றாள். வயரை மாற்றிப் பூட்டியிருப்பீர்கள், பாருங்கள் என்றான். ஆள் அனுப்பேன் என்றதற்கு அடுத்த வாரம் என்றான். அதன் பிறகு அவள் அனுப்பிய படங்களுக்கெல்லாம் கட்டைவிரல் படம் ஒன்றே பதிலாக வந்தது.

வயர் என்றதும் அவள் கண் மகேந்திரன் பக்கம் திரும்பியது. மகேந்திரன் அவள் வீட்டுக்காரர், தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். இன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றார். சென்சருக்கு வயர் இழுத்தபோதும் கூட இருந்தவர் அவர்தான்.

“பழுப்பையும் நீலத்தையும் மாத்திட்டீங்களா?”

“கலர் பாத்துதான் மாட்டுனேன் குமுதா. நீயும் பாத்த.”

“நான் பாத்தேனா? நான் எங்க பாத்தேன்?”

கழற்றினார்கள், மாட்டினார்கள். தலை கீழே போனது. மறுபடி கழற்றி மாட்டினார்கள். மறுபடி கீழே. வெயில் தகரக் கூரையில் இறங்கி மண்டை காய்ந்தது. பக்கத்துக் கடைக் கோழிகள் வேறு ஓயாமல் கத்தின.

“திருஷ்டியா இருக்கும் லா,” என்றார் மகேந்திரன். “போன வெள்ளிக்கிழம மெஷின் பூசைக்கு வந்தவங்க எத்தன பேரு. எல்லாக் கண்ணும் நல்ல கண்ணா இருக்குமா? இல்லன்னா புனிதாவுக்கு போன் போட்டுச் சரின்னு சொல்லிரு. வேலையும் நிச்சயம்.”

அவ்வளவுதான். குமுதவல்லி ஸ்பேனரை மேசையில் வீசினாள்.

“லோரி ஓட்றவரு கையில வயரக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்.”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். மகேந்திரன் டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார், மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார், போய்விட்டார். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. இருபது வருஷமாக அந்த மனுஷனுக்குக் கத்தத் தெரியாது, அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

தனியாக நின்றாள். அழுகை வருவது போலிருந்தது, கோபத்தில் அதையும் விழுங்கினாள். புனிதாவின் நம்பரை எடுத்தாள். சரி, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவலி விட்டது. கட்டைவிரலை போனுக்கு மேலே வைத்தபடி மெஷினை ஒரு தடவை முறைத்தாள். கண்ட்ரோலர் திரையில் மேல் சென்சருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். தலையோ பாதி வழியில் தொங்குகிறது.

வீட்டிலேயே இருக்கிறாயா நீ, என்று பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சை எடுத்து ஏணியில் ஏறினாள்.

அந்த சென்சர் விரல் நுனி அளவுக் கறுப்புப் பெட்டி. நடுவில் ஒரு சின்னப் பிளவு. பிளவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓர் ஒளி போய்க்கொண்டே இருக்கும். தலை உச்சிக்கு வரும்போது ஒரு தகடு நுழைந்து அதை மறைத்தால் வீடு வந்துவிட்டது என்று பொருள். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பிளவைப் பார்த்தாள். பிளவே இல்லை. சந்தனம் வழிந்து இறங்கி, உள்ளே நிறைந்து, காய்ந்து கட்டியாகியிருந்தது. மேலே வட்டமாகக் குங்குமம். ஒளி மறைந்தே கிடந்ததால், வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி அதிலிருந்து விலகத்தான் தலை கீழே இறங்கியிருக்கிறது.

காலையிலிருந்து அந்தப் பொட்டு அவள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. பூசை போட்ட மெஷின், மோட்டாரில் பொட்டு, கதவில் பொட்டு, திரையின் ஓரத்தில் பொட்டு. ஊரில் எந்த வண்டிக்குத்தான் பொட்டு வைக்கவில்லை? பொட்டைப் பார்த்தால் பொட்டாகத்தான் தெரியும், கோளாறாகவா தெரியும்?

மகேந்திரனைத் திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

பூசையன்று தட்டோடு சுற்றி வந்தவர் மகேந்திரன்தான். ஆனால் அவர் இந்தக் குட்டிப் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிட்டார். இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் கையால் துளை போட்டு, தன் கையால் முடுக்கிய முதல் சாமான். அதை மட்டும் விடுவதா என்று தட்டை வாங்கி, பன்னீர் ஊற்றிக் குழைத்த சந்தனத்தை அள்ளி, மெஷினில் இருக்கிற பொட்டுகளிலேயே பெரிய பொட்டாக வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாள்.

ஏணியில் உட்கார்ந்துவிட்டாள். தன் தலையிலேயே ஒரு கொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு முடியிலிருந்த ஊசியை உருவிச் சந்தனத்தைப் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுத்தாள். தாவணித் துண்டு ஒன்றால் துடைத்தாள். இறங்கி வந்து, மாற்றி வைத்த பாராமீட்டரையெல்லாம் பழையபடி ஆக்கி, பட்டனை அமுக்கினாள்.

தலை மேலே போனது. நிதானமாக ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் நின்று, ஓர் அங்குலம் இறங்கி, மறுபடி தொட்டு நின்றது. திரையில் மூன்று பூஜ்யங்கள், மூன்று பக்கமும் வீடு சேர்ந்துவிட்டது. குமுதவல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷப்படக்கூட எரிச்சலாக இருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மகேந்திரன் வந்தார். கோபித்துக்கொண்டு போனவர் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் வாழையிலையில் மடித்த ஈரச் சந்தனம்.

“திருஷ்டி கழிச்சுப் பாத்துருவோம். எங்கெங்க வைக்கணும் சொல்லு.”

குமுதவல்லி இரண்டு கையையும் விரித்து மெஷினுக்கு முன்னால் மறித்து நின்றாள். “கிட்ட வராதீங்க.”

அவர் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், பெரிய பொட்டு உட்பட. மகேந்திரன் பொறுமையாகக் கேட்டார்.

“வச்சது நானா இருந்திருந்தா?”

அவள் அவரை என்ன கிழி கிழித்திருப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“மன்னிச்சிருங்க,” என்றாள். “வயரு சரியாத்தான் மாட்டியிருந்தீங்க.”

“தெரியும்,” என்றார் அவர். சந்தனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றவர், கடைசியில் தன் மோட்டார் சைக்கிள் விளக்குக்கு மேலே பூசிவிட்டு வந்தார்.

சாயங்காலம் புனிதாவே போன் போட்டாள். குமுதவல்லி தலையைத் தூக்காமல் பேசினாள், கை எண்ணெயாக இருந்தது. “வரல லா புனிதா. எனக்கு இங்க வேல இருக்கு.”

இன்றைக்கும் லுக்குட்டில் அந்தக் கடைக்குப் போகிறவர்கள் மெஷினின் உச்சியைப் பார்க்கலாம். கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் டேப் ஒட்டி, ‘இங்கே பொட்டு வைக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். யாருக்கு எழுதியது இது என்று எண்ணெய் ஆலைக்காரர்கள் கேட்டால், எங்க வீட்டுக்காரருக்குத்தான் என்று சொல்லிவிடுகிறாள் குமுதவல்லி. மகேந்திரன் பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்று அவரும் தலையாட்டுகிறார்.