மீண்டோர் முன்னால் சொல்ல வேண்டியது

பிலோமி டீச்சர் இறந்த செய்தி எனக்குக் குளத்தூர் கடைத்தெருவில், ஒரு பஞ்சர் கடை வாசலில் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். போனில் முத்துக்கருப்பன். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தின் இந்த முனையில் கத்தினால் அந்த முனைப் பிள்ளை நின்றுவிடும். அன்று அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"சார், பிலோமி டீச்சர் தவறிட்டாங்க. காலைல பிரேயர்ல நின்னுக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம். ஹார்ட்டுங்கிறாங்க."

"ஆனா நேத்துகூட மெசேஜ் போட்டாங்களேய்யா!" என்றேன். முந்தின நாள் மாலை அவர் அனுப்பியது இதுதான்: "சனிக்கிழமை வர்றீங்களா சார்? ஒங்க ஆளு இன்னும் அங்கனயேதான் நிக்கிறாரு." நான் பதில் போடவில்லை. வண்டி தயாராகும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, அவருடைய தம்பி அருளானந்து என்னிடம் கட்டுரை கேட்டார். நான் கணக்கு ஆசிரியன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பேன். இரண்டும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. டீச்சருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். நான்கு வருடமாக அதைச் சொல்லாமல் நழுவி வந்திருக்கிறேன். இதை முடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும். அதற்கு முதலில் அவர் நடத்திய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

துபாயில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் டீச்சருக்கு ஒரு தடித்த புத்தகமும் இருபது முகம் கொண்ட பச்சைப் பகடையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கற்பனை உலகத்தில் நடக்கும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். டீச்சர் நடத்துவார். நான் வேங்கைமாறன் என்ற வாள்வீரன். முத்துக்கருப்பன், அந்த மீசையை வைத்துக்கொண்டு, செம்பருத்தி என்ற மருத்துவச்சி. தமிழ் ஆசிரியை ஷாகிதா ஒரு மந்திரக்காரி. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி டீச்சர் ஒரு நாட்டையே வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் மேசையை ஒரு விரலால் தட்டி, "சொல்லுங்க சார், என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார்.

அந்தப் புத்தகத்தில் பழிவாங்க எழுந்து வரும் பிணங்கள் உண்டு. இத்தனை முறை வெட்டினால் இத்தனை புள்ளி, பிறகு அது ஒழிந்தது என்று கணக்கு. எனக்கு அது பிடித்திருந்தது. டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "அநியாயமாச் செத்தவங்களை இன்னொருக்க வெட்டுறதுல என்னங்க சார் வீரம்?" என்று அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு எழுதினார். அவருடைய நாட்டில் அவர்களுக்கு மீண்டோர் என்று பெயர்; ஒன்றே வந்தாலும் மீண்டோர்தான். மீண்டோர் ஓடுவதில்லை, பேசுவதில்லை. தங்களுக்குத் தீங்கு செய்தவர் எங்கே இருந்தாலும் அந்தத் திசையில் நடந்துகொண்டே இருப்பார்கள். வெட்டிப்போட்டால் மறுநாள் விடியும்போது எழுந்து மறுபடியும் நடப்பார்கள். அவர்கள் தொட்டுவிட்டால் தீங்கு செய்த ஆள் முடிந்தான்.

இதெல்லாம் எங்களுக்கு முதலில் தெரியாது. நான் மூன்று சனிக்கிழமை ஒரே மீண்டோரை வெட்டினேன். பகடையில் எனக்கு இருபது விழுந்தது, ஆறு துண்டாக்கினேன். மறுநாள் அது எழுந்து நடந்தது. "என்னங்க டீச்சர் இது, இருபதுக்கும் மதிப்பில்லைன்னா எதுக்குப் பகடை?" என்று மேசையில் அடித்தேன். சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது. அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டே, "கைதான் வலிக்குது, இல்லைங்களா?" என்றார். முத்துக்கருப்பன் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

வழியைக் கண்டுபிடித்ததும் முத்துக்கருப்பன்தான். அந்த மீண்டோர் உயிரோடு இருந்தபோது ஒரு கண்மாயின் காவல்காரர். ஊர்த் தலைவர் மடையைத் திறந்துவிட்டுப் பழியைக் காவல்காரர் மேல் போட்டிருக்கிறார். ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றிருக்கிறது. செம்பருத்தி போய்த் தலைவரின் கையைப் பிடித்து அழைத்துவந்து ஊருக்கு நடுவில் நிறுத்தினாள். டீச்சர் தலைவராகப் பேசினார்: "மடையைத் தொறந்தது நாந்தான். ஆனா அன்னைக்குப் பேய் மழைய்யா, நான் என்ன பண்ணுவேன்?" படுக்கப்போன மீண்டோர் உடனே எழுந்தது. அடுத்த முறை தலைவர், "தொறந்தது நான். பழியை அவன் மேல போட்டது நான். அவன் தப்புப் பண்ணல" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு டீச்சர் தன் குரலில் மெதுவாக, "படுத்துட்டாரு" என்றார். முத்துக்கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். செய்தவர் எல்லோர் முன்னாலும் செய்ததைச் சொல்ல வேண்டும், ஒரு சப்பைக்கட்டும் கூடாது. இதுதான் டீச்சர் வைத்த விதி.

கல்லறைத் திருநாளன்று ஒருமுறை டீச்சரின் ஊரான ஆவூர் போயிருந்தேன். டீச்சர் அவர் அம்மாவின் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "வாரா வாரம் பிணத்தை எழுப்புறீங்க, இங்கிட்டு வந்து ஜெபமும் பண்றீங்களே டீச்சர்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "செத்தவங்க பாவம் சார். அவங்களுக்கு எந்திரிச்சு வரணும்னு ஆசையா என்ன? இருக்கவங்க வாயைத் தொறக்காததாலதான் எந்திரிக்க வேண்டியிருக்கு" என்றார். நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

நாங்கள் ஆடியது சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்த பிறகு, உயிரியல் ஆய்வகத்தில். மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புக்கூடு நிற்கும். ஒரு மதியம் டீச்சரும் நானும் மட்டும் ஆடினோம். ஷாகிதா பேறுகால விடுப்பில் இருந்தார், முத்துக்கருப்பன் பிள்ளைகளோடு போட்டிக்குப் போயிருந்தார். மகளை அழைத்துப்போக வந்த ஒருவர் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். எலும்புக்கூடு, பகடை, "இப்ப எந்திரிச்சு வருது" என்ற டீச்சரின் குரல். மனிதர் வெலவெலத்துப்போய் வீடியோ எடுத்துவிட்டார். அதில் டீச்சர் முகம் தெளிவாக இருந்தது. என் முதுகுதான் தெரிந்தது. திங்கட்கிழமைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது: "டீச்சரு லேப்ல பேயை எழுப்புறாங்களாம்ல!"

விசாரணை வந்தது. டீச்சரிடமும், அந்த முதுகு என்னுடையதோ என்ற சந்தேகத்தில் என்னிடமும், எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் டீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பார்த்தீர்களா? பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன், அதற்குள் நான்கு சமாதானம். இப்படிச் சொன்னால் அது எழுந்துவிடும்.

டீச்சரைக் கட்டுமாவடிப் பக்கம் மாற்றினார்கள். மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வார நாட்களில் அறந்தாங்கியில் ஒரு வாடகை அறை, விடுமுறைக்கு மூன்று பஸ் மாறி ஆவூர். ஒரு வார்த்தை அவர் என்னைக் கேட்டதில்லை. ஆட்டத்தையும் விடவில்லை. "இங்கிட்டு வாங்க சார், கடல் காத்து வாங்கிக்கிட்டே ஆடலாம்" என்று கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் நான் ஒரு காரணம் சொன்னேன். இந்தப் பொங்கல் விடுமுறைக்கு முத்துக்கருப்பனும் ஷாகிதாவும் என்னைக் காரில் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மீன் ஏலம் முடிந்து காலியாகக் கிடந்த கொட்டகையில் உட்கார்ந்தோம். வரைபடம் காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் சங்கு வைத்தார் டீச்சர். கூடை கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார். என் முறை வந்தது. "ஒரு மீண்டோர் வருது சார். பொம்பளை. நேரா வேங்கைமாறனைப் பாத்துத்தான் வருது" என்றார் டீச்சர்.

"நான் என்ன செஞ்சேன் அதுக்கு?"

"அது வேங்கைமாறனுக்குத்தாங்க தெரியும்."

ஏதோ இட்டுக்கட்டினேன்: "போர்ல இவளைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன். ஆனா அது ராஜா உத்தரவு." டீச்சர், "எந்திரிச்சிருச்சு. இன்னும் மூணு அடி" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் ஓர் ஆனா. முத்துக்கருப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்கார அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீக? அந்தப் புள்ள எம்புட்டு நேரமா நிக்குது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டீச்சர் ஆட்டத்தைக் குறித்துவைக்கும் நோட்டை மூடியிருந்தார். "போதும்ங்க. அது எங்கயும் போயிராது. அடுத்த வாட்டி பாப்போம்" என்றார். அந்த அடுத்த வாட்டிக்குத்தான் கடைசி மெசேஜ்.

அடக்கத்துக்கு ஆவூர் போனேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அருளானந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேய் வெளையாட்டாலதான் சார் அக்கா அம்புட்டுத் தூரம் அலைஞ்சு கெட்டா. வாரா வாரம் திட்டுவேன். ஒங்களை மாதிரி நல்லவங்க எச்சரிச்சும் கேக்கலயே. நீங்கதான் எழுதித் தரணும்" என்றார். டீச்சரின் கைப்பையில் இருந்த பச்சைப் பகடையை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அருளானந்து, இது உங்களுக்கு. மற்றவர்களும் கேட்க வேண்டும்.

ஆய்வகத்தில் ஆடலாம் என்று சொன்னது நான். டீச்சர், "பள்ளிக்கூடத்துல வேணாம்ங்க, எங்க வீட்டுல வச்சுக்குவோம்" என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். சாவி கேட்டு வாங்கியது நான். வீடியோ எடுத்த அன்றைக்கு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான். விசாரணையில், எனக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினேன். அது பொய். இதெல்லாம் கூடாது என்று டீச்சரைப் பலமுறை எச்சரித்ததாகவும் எழுதினேன். அதுவும் பொய். கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதை அவர் முன்னாலேயே படித்துக் காட்டினார்கள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவர், "சார் எழுதுனது சரிதாங்க" என்றார். வெளியே வந்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். அவர் அந்தத் தூரத்துக்குப் போனது என் பொய்யால். நான்கு வருடம் நீங்கள் அவரைத் திட்டிய திட்டு முழுக்க எனக்குரியது. டீச்சர் தப்புச் செய்யவில்லை.

ஆட்டத்தில், சொன்னது போதுமா என்று தீர்மானிப்பவர் கதை நடத்துபவர். "படுத்துட்டாரு" என்று அவர் வாயால் சொன்னால்தான் முடிந்ததாகக் கணக்கு. அதைச் சொல்ல இனி ஆள் இல்லை. வேங்கைமாறன் எதிரே மூன்றடி தூரத்தில் அந்தப் பெண் நிற்பதாகத்தான் நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கிறது. நோட்டு முத்துக்கருப்பனிடம் இருக்கட்டும். பகடையை இந்தக் கட்டுரையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அது உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது. நான் வைத்துக்கொள்வது மேசையை ஒரு விரலால் தட்டும் சத்தத்தையும், "சொல்லுங்க சார், என்ன செய்யப் போறீங்க?" என்ற அந்தக் கேள்வியையும்தான்.

சொல்லிவிட்டேன், டீச்சர்.