ஒன்றை அழுத்தினால்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் அவர். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை, ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று பிரித்து அனுப்பும் போன் சேவையைச் சின்ன ஆபீஸ்களுக்கு விற்பவன் நான். போன வருஷம் அதை அமைத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

கட்டை மீசை, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. போன் அடித்தால் திரையைப் பார்ப்பார். சில அழைப்புகளுக்கு உட்கார்ந்தபடியே பேசினார். சிலவற்றுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். எழுந்ததெல்லாம் டிரைவர்களின் வீட்டு அழைப்புகளுக்கு.

“லோடு புக்கிங்குக்கு ஒண்ணுதானுங்களே?” என்று வழக்கம்போல் கேட்டேன்.

“அது ரெண்டா இருக்கட்டுங்க. டிரைவருங்க ஊட்டுல இருந்து கூப்பிட்டா ஒண்ணு.”

“வியாபாரம் கெட்டுப்போகுமுங்க.”

“லோடு கொடுக்கறவரு நம்மள உட்டா இன்னொரு ஆபீசுக்குக் கூப்பிடுவாருங்க. வடக்க போன புருசன் போன் எடுக்கலைன்னா அந்தப் புள்ள வேற எங்க கூப்பிடும்? பாட்டுப் போட்டு வேற காக்க வெச்சுறாதீங்க சாமி.”

சொன்னபடியே செய்துவிட்டு வந்தேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

போன மாதம், சேவை எப்படி இருக்கிறதென்று கேட்க அழைத்தபோது, பதிவுக் குரல் சொல்வதை முழுதாகக் கேட்காமல், பழக்க தோஷத்தில் ஒன்றை அழுத்திவிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரென்றுகூடக் கேட்கவில்லை.

“பயப்படாதீங்க சாமி, சொல்லுங்க.”

பெயரைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை அவர் நின்றுகொண்டேதான் இருந்திருப்பார்.