பட்டு நூல் ஆயா

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. தாய்மார் வேலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயாவுக்கு முப்பது வயதிலேயே முன்பல் இரண்டு இல்லை. சிரிக்கும்போது வாயை மறைக்கவே மாட்டார். மத்தியானச் சோறு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாண் பட்டு நூல் கொடுப்பார்.

"பல்லு சந்துல மெதுவா விடு. வெடுக்குனு இழுத்தா ஈறு கிழிஞ்சிடும்!"

ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பல் பிடுங்க இடுக்கியோடு வந்தார். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே வாயைத் திறந்தார்கள். பிடுங்க வேண்டிய பல் ஒன்றுகூட இல்லை!

"என்னா ஆயா, எனக்கு வேலையே வைக்கலியே?"

"உங்க வாயத் தொறங்கய்யா, பிள்ளைங்க பாக்கட்டும்!"

திறந்தார்.

"ஐயா பல்லுல கீரை!" என்று கத்தினாள் ஒரு சிறுமி. டிரெசர் சிரித்துக்கொண்டே நூலுக்குக் கை நீட்டினார்.

தோட்டத்துப் பிள்ளைகள்தானே என்று இளக்காரம் பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆயாவுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.