சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மத்தியானக் கோபம்

1. ஃபைலில் எழுதிய வரி

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் சர்க்கரை நோய் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடத்தில், சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி, டோக்கன் தாமதமானதற்காக என் மேசை ஃபைல்களைத் தரையில் தள்ளிவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"மனுஷனை எம்புட்டு நேரம் உக்கார வைப்பீக?"

அப்போது மணி ஒன்றரை. அவருடைய ஃபைலில் 'ஒத்துழைக்காத பேஷண்ட்' என்று எழுதினேன்.

அவர் மனைவி பகவதி ஃபைல்களைப் பொறுக்கித் தந்தார். "காலையில நல்லாத்தான் இருக்காக சிஸ்டர். மத்தியானம் ஆனா வேற ஆளா ஆயிருதாக. என்னன்னு டாக்டர்ட்ட கேளுங்களேன்."

"வெயில் நேரம் அல்லே, எல்லாருக்கும் கோபம் வரும்" என்றேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

அவருக்கு நாங்கள் ரத்தம் எடுத்தது காலையில் வெறும் வயிற்றிலும், டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும்தான். இரண்டிலும் சர்க்கரை கூடுதல். இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனோம்.

2. மூன்று நாள் மெஷின்

அடுத்த வருடம் அண்ணாச்சி கடையில் எல்லார் முன்னாலும் மனைவியைக் கைநீட்டி அடித்துவிட்டார். பகவதி நாகர்கோவிலில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். ஏழு மாதம் கழித்து அங்கேயே மாரடைப்பில் இறந்தார்.

அதன் பிறகுதான் எங்கள் கிளினிக்குக்கு, ரத்தச் சர்க்கரையை இரவும் பகலும் அளக்கும் சிஜிஎம்எஸ் மெஷின் வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சென்சார், அதிலிருந்து ஒயர், இடுப்பில் பேஜர் போல ஒரு பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் பதிவாகும். ஆனால் அன்றைய மெஷினில் அது யாருக்கும் உடனே தெரியாது. மூன்று நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் கிராஃப்.

அதை மூன்று நாள் கட்டியிருந்த அண்ணாச்சி, கிராஃப் பார்க்க மகள் உமாவுடன் வந்திருந்தார். மூன்று நாளும் பன்னிரண்டரைக்கு மேல் கோடு ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது; எழுபதுக்குக் குறைந்தாலே லோ சுகர். காலை ஆறுக்குப் போடும் இன்சுலின் மத்தியானம்தான் முழு வேகத்தில் இருக்கும். கடை மும்முரத்தில் சோறு மூன்று மணிக்கு.

"சுகர் லோ ஆனா சிலருக்கு மயக்கம் வராது. தேஷ்யம்தான், கோபம்தான் வரும், கேட்டோ" என்றார் டாக்டர்.

அண்ணாச்சி அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "அப்போ பகவதிய நான் அடிச்சது..."

உமா அழுதாள். "அம்மா சொல்லிட்டேதான் இருந்தா அப்பா. யாரும் கேக்கல."

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "என்ட்டயும் சொன்னாங்க அண்ணாச்சி. நான்தான் டாக்டர்ட்ட சொல்லல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "நீங்க ஒரு தடவ கேக்கல சிஸ்டர். நான் தெனமும் கேக்கல" என்றார்.

3. பிறகு

காலை டோஸைக் குறைத்தோம். பதினொன்றுக்கு இரண்டு இட்லி, ஒரு மணிக்குச் சோறு. கோபம் போயிற்று. அடுத்த செக்கப்பில், "இப்பம்லாம் கடைப் பயலுவ எங்கிட்ட சிரிச்சுப் பேசுதானுவ" என்றவர், அதோடு எழுந்து போய்விட்டார்.

இன்று ரீடிங் செல்போனிலேயே ஓடுகிறது, அலாரமும் அடிக்கிறது. ஆனாலும் இளம் நர்ஸுகளுக்குச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர் வியர்த்துக்கொண்டு கத்தினால், ஃபைலில் எழுதப் பேனாவை எடுக்காதீர்கள். விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். கூட வந்தவர் இன்ன நேரத்தில் இப்படி ஆகிறது என்று சொன்னால், அதை ரத்தப் பரிசோதனை ரிசல்ட் போலவே டாக்டரிடம் கொண்டுபோங்கள். எனக்கு இதைக் கற்றுத் தந்த பகவதியிடம் ஒரு மன்னிப்புக்கூட என்னால் கேட்க முடியவில்லை.