கல்வெட்டில் இடமில்லாத ரிவோல்வர்

ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது குணம் போனில் கூப்பிட்டார். "அக்கா, எங்கடை அக்கா போட்டா," என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. செல்வாக்காவின் ஒரே தம்பி அவர். காலையில் நெஞ்சு நோகிறது என்று அம்புலன்சுக்குத் தானே அடித்துச் சொல்லி, கதவையும் தானே திறந்துவிட்டிருக்கிறார் செல்வாக்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. வந்த ரயில் நின்று, போயும் விட்டது. நான் ஏறவில்லை. முதல் நாள் மாலைதான் வேலைமுறை மாற்றித் தரமாட்டேன் என்று சொன்னதற்காக என்னை நன்றாக ஏசிவிட்டுப் போன மனுஷி.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தார்கள். அவருடன் கூட வேலை செய்தவள் என்று என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். "நல்லாய் எழுதியிருக்கிறியள் அக்கா. அந்தத் துவக்குக் கதையை மட்டும் எடுத்துப்போட்டம்," என்றார் குணம். அச்சில் வந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில், அன்னார் பூமரங்களில் பெரும் பிரியம் கொண்டவர் என்று இருந்தது. கடவுளே! அவர் வீட்டிலிருந்த ஒரே பூமரம் பிளாஸ்டிக். அதிலும் தூசி தட்டியது கிடையாது.

ஆகவே அந்த ரிவோல்வர் கதையை இங்கே எழுதுகிறேன். செல்வாக்காவைத் தெரிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இங்கே நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் வேலை. அவர் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் களைத்துப் போய்விட்டார்கள். எங்கள் இல்லத்துக் கட்டடத்தைப் பராமரித்த ஆர்னெ என்ற நோர்வேக்காரர், தன்னுடைய துப்பாக்கி சுடும் கழகத்தில் திறந்த நாள் வருகிறது, யாரும் வந்து சுட்டுப் பார்க்கலாம், எல்லோரும் வாருங்கள் என்று ஒருமுறை அழைத்தார். எல்லோரும் சிரித்துவிட்டு இருந்துவிட்டோம். செல்வாக்கா போனார். போனவர் பிறகும் போனார். பாதுகாப்பு வகுப்பெடுத்து, சோதனை பாஸ் பண்ணி, கழகத்தின் ரிவோல்வரை இரவல் வாங்கிச் சுட்டுப் பழகினார். அது பெரிய கைகளுக்குச் செய்த பிடி. அவருடைய கையோ வளையல் கடையில் சின்னப்பிள்ளை அளவு கேட்கிற கை. ஒவ்வொரு வெடிக்கும் பிடி உள்ளங்கையில் புரண்டுவிடும். "எனக்கெண்டு ஒண்டு வேணும். புதுசாய் வேணும். ஆற்றையும் பழசு வேண்டாம்," என்றார்.

புதிதாக வாங்குவதற்கு அவரிடம் காசு இல்லை. எங்கள் ஆட்கள் காசில்லாதபோது என்ன செய்வோம்? சீட்டு. ரொம்மனில் பாக்கியம் மாமி வீட்டில் நாங்கள் பெண்கள் சிலர் பிடித்த சீட்டில் அந்த மாதம் அவசரம் யாருக்கு என்ற கதை வந்தது. பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டுக்கு என்றார் ஒருவர். காருக்கு என்றார் இன்னொருவர். செல்வாக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு துவக்கு வேண்ட."

மாமிக்கு வாயிலிருந்த வடை விழுங்குப்படவில்லை. "என்ன விசரே உமக்கு? ஆரைச் சுடப் போறீர்?"

"கடதாசியை, மாமி."

"பொலிஸ் வந்து காசு எங்காலை எண்டு கேட்டால் எங்கடை பேரெல்லோ வரும்!"

"பொலிஸ்தான் மாமி எனக்கு அனுமதி தந்தது. முதல் அவங்களிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் உங்களிட்டைக் கேக்கிறன்."

கார் என்று சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திராது. எங்கள் சீட்டுகளில் எத்தனை பொய்க் காரணங்களுக்குக் காசு போயிருக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். செல்வாக்காவுக்கு அந்தச் சூது வராது. எல்லோரையும்விடக் கூடக் காசை மற்றவர்களுக்குக் கழிவாக விட்டு ஏலம் கூறி, அந்த மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். கழிவு போக மிஞ்சியது சொற்பம்.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன், பொய் சொல்லவில்லை. கடைக்காரப் பெடியன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு பெரிய ரிவோல்வரை எடுத்து வைத்தான். அதன் தோட்டா என் பெருவிரல் தடிப்பு. செல்வாக்கா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "இது வேண்டலாம். பிறகு இதுக்குத் தீன் போட என்ரை சம்பளம் காணாது," என்று என்னிடம் தமிழில் சொன்னார். அவனிடம் நோர்வேஜிய மொழியில், அந்த மூலையில் இருக்கும் கறுப்பைக் காட்டு என்றார்.

அது பெரிய பெயரெடுத்த கம்பனி செய்தது அல்ல. மினுக்கமும் இல்லை. ஆனால் கனமான தோட்டா போடுகிற அந்த ரிவோல்வரில், அதே விட்டத்தில் நீளம் குறைந்த, உதைப்பும் குறைந்த தோட்டாவையும் போடலாமாம். அது மலிவு. பெரிய விட்டத் தோட்டாவுக்கென்று கழகம் வைக்கிற போட்டிக்கு அது போதும். நீண்ட குழல் என்பதால் குறி பார்க்க வசதி. முன்பக்கம் பாரமாக இருந்தால் வெடிக்கும்போது துள்ளாது. குறி பார்க்கிற பின் தகட்டை ஒரு சின்னத் திருகாணியால் நகர்த்தலாம். இதையெல்லாம் வரும் வழியில் பஸ்ஸுக்குள் எனக்குச் சொன்னார். கடையில் அவர் பார்த்த விதம் எங்கள் பெண்கள் மீன் வாங்குகிற விதம். செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல தோட்டா போடுகிற உருளையை வெளியே தள்ளிப் பார்த்தார், சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். வெறும் துவக்கை அனுமதி கேட்டுச் சுவர்ப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கை நடுங்கத் தொடங்கும்வரை நின்றார். பிறகு, பிடியைக் கழற்றிச் சின்னப் பிடி போட்டுத் தா, அதற்கு வேறாகக் காசு தரமாட்டேன் என்றார். பெடியன் முதலாளியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து போட்டுக் கொடுத்தான்.

துவக்கு வாங்கினால் இரும்புப் பெட்டி வேண்டும், காது மூடி வேண்டும், தோட்டா வேண்டும். அவர் அதற்கெல்லாம் முதலே காசை ஒதுக்கி வைத்துவிட்டு, மிஞ்சியதற்குத்தான் ரிவோல்வர் தேடியிருக்கிறார். எங்களில் பாதிப் பேர் காரை வாங்கிவிட்டு டயருக்குக் கடன் கேட்கிற ஆட்கள். அவரைப் போய் விசர் என்றார்கள்.

ஏன் அக்கா இது என்று நானும் ஒருமுறை கேட்டேன். பகிடி விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "ஊரிலை ஆமிக்காரர் என்னைச் சைக்கிளை விட்டு இறக்கி, துவக்கு முனையாலை என்ரை புத்தகப் பையைக் கிளறினவங்கள். ஒவ்வொரு நாளும். அந்த முனை எனக்குக் கனவிலையும் வரும். இப்ப துவக்கு என்ரை கையிலை. நான் ஒருத்தருக்கும் நீட்டேல்லை. எனக்கு அது போதும்." பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, சோறு ஆறுகிறது சாப்பிடு என்று என்னை ஏசினார்.

அந்த வருட ஆயுத பூசையன்று அவர் வீட்டுக்குப் போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கத்தரிக்கோல், தையல் மெஷின், கணினி எல்லாம் இருந்தன. நடுவில், தோட்டா இல்லாமல், உருளை திறந்தபடி ரிவோல்வர். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு இருந்தது, அதில் மட்டும் இல்லை. "எண்ணெய் போட்டுத் துடைச்சது. பொட்டு வைச்சால் தூள் உள்ளுக்கை போயிடும்," என்றார். அப்போதுதான் குணம் வந்தார். பார்த்தார். சப்பாத்தைத் திரும்பப் போட்டார்.

"மானம் போகுது அக்கா. ஒண்டில் இது, இல்லாட்டி நான்."

"அவல் குழைச்சு வைச்சிருக்கிறன். திண்டுபோட்டுப் போ."

அவர் தின்னாமல் போனார். அதன் பிறகு கோயிலில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். செல்வாக்கா அழுதாரா? அழுதார், நான் பார்த்தேன். ஒற்றைத் தம்பி. துவக்கை விற்றுவிடுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "அவன் கோவத்திலை நிக்கிறான். கோவம் போனால் வருவான். நான் இதை வித்தால் பிறகு எனக்கு நான் திரும்பி வரமாட்டன்," என்றார். விற்கவில்லை. குணமும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் பூமரக் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் இருந்தபோது ஆர்னெ வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் சுருட்டிய ஒரு கடதாசி. படத்துக்கு முன்னால் போய், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துத் தலை குனிந்து நின்றார். செல்வாக்கா கடைசியாகச் சுட்ட இலக்குத் தாள். பாக்கியம் மாமி "ஐயோ" என்றார். குணம் எழும்பி வந்து அதைச் சுருட்டிப் பூக்குப்பைப் பெட்டிக்குள் வைத்தார். எல்லோருக்கும் முன்னால் நான் போய் அதை எடுத்தேன். எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு முடியும்வரை இருந்தேன்.

ரிவோல்வர் சட்டப்படி கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. அவருடையதாக என்னிடம் இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். படச்சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

போன கிழமை செல்வாக்காவின் மிச்சக் கணக்கு வழக்குப் பேச வந்த குணம் அதைக் கண்டுவிட்டார்.

"ஆக்கள் வந்து போற இடம். உந்தத் தாளைக் கழட்டுங்கோ அக்கா."

"கழட்டமாட்டன்."

"ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"செல்வநாயகி சுட்டது எண்டு சொல்லுவன். குணத்தின்ரை அக்கா எண்டும் சொல்லுவன்."

கோபித்துக்கொண்டு போவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கனநேரம் பார்த்தார். நடுக் கறுப்பு வட்டத்துக்கு வெளியே ஓர் ஓட்டைகூட இல்லை.

"ஒருநாளும் போய்ப் பாக்கேல்லையே நான்," என்றார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. இப்போது பார் என்று லைட்டைப் போட்டுவிட்டேன்.